60 வாற்றா 100 வாற்றா: எளிய மின்சுற்றுகளில் தடையும் வலுவும்

மாலை வேளையில் தரம் 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் கொட்டிலில், மின்னியல் அலகைத் தொடங்கும் நாளில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேசையில் இரண்டு இழைக் குமிழ்களை வைப்பேன். கடைகளில் இப்போது எல்.ஈ.டி. குமிழ்களே நிறைந்திருப்பதால், கோழிக்குஞ்சுப் பெட்டிக்குச் சூடு கொடுப்பதற்காகப் பழைய குமிழ்களைப் பத்திரப்படுத்தியிருந்த அயலவர் ஒருவரிடமிருந்து அவற்றைக் கேட்டு வாங்கினேன். ஒன்றின் தலையில் 60 வாற்று என்றும் மற்றையதில் 100 வாற்று என்றும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டிலும் 230 வோல்ற்று என்றிருக்கும். எந்தக் குமிழின் தடை கூடியது என்று கேட்டால், "நூறு வாற்றுக்குத்தான் சேர்" என்ற விடை வாங்கின் மூலையிலிருந்து உடனே எழும்.

அந்த விடை பிழையானது. ஆயினும் அதைச் சொன்ன பிள்ளையைக் குறைகூற முடியாது. தடை கூடினால் வெப்பம் கூடும் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அது சில சுற்றுகளில் உண்மை. தடை கூடினால் வலு குறையும் என்பதும் உண்மையே, ஆனால் வேறு சில சுற்றுகளில். எந்தச் சுற்றில் எது பொருந்தும் என்பதைப் பிரித்தறிவதிலேயே இந்த அலகின் கடினம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். பெருக்கலும் வகுத்தலும் எவருக்கும் வரும்.

மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கண்ணுக்குத் தெரிகின்ற ஒன்றிலிருந்து தொடங்குவோம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர், துருசு திறக்கப்பட்டதும் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் வழியே வயல்களை நோக்கிப் பாய்கிறது. துருசின் வாயில் நீர் எவ்வளவு வேகத்துடன் வெளிப்படும் என்பதை முடிவுசெய்வது துருசுக்கு மேலே நிற்கும் நீரின் உயரமாகும். குளத்தின் பரப்புக்கு அதில் பங்கில்லை. சிறுபோகம் முடியும் தறுவாயில் குளம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து கிடந்தாலும், மட்டம் இறங்கிவிட்டதால் நீர் சோர்ந்து வருவதைக் கமக்காரர் நன்கு அறிவர். அந்த உயரத்துக்கு ஒப்பானது அழுத்த வேறுபாடு. அதனை வோல்ற்றில் அளக்கிறோம். வாய்க்காலின் ஓரிடத்தை ஒரு செக்கனில் கடந்து செல்லும் நீரின் அளவுக்கு ஒப்பானது மின்னோட்டம். அதனை அம்பியரில் அளக்கிறோம். வாய்க்கால் ஒடுங்கியிருப்பதாலும் நீண்டிருப்பதாலும் புல் மண்டிக் கிடப்பதாலும் நீருக்கு ஏற்படும் தடங்கலுக்கு ஒப்பானது தடை. அதனை ஓமில் அளக்கிறோம்.

இந்த ஒப்புமை இரண்டு இடங்களில் கைவிட்டுவிடும். வாய்க்காலை இடையில் வெட்டினால் நீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் மின் வெளியே கொட்டுவதில்லை, சுற்று முழுவதும் அந்தக் கணமே ஓட்டம் நின்றுவிடுகிறது. மின்னோட்டத்துக்குப் போகும் வழியும் வேண்டும், திரும்பி வரும் வழியும் வேண்டும் என்பதே இதன் காரணம். இரண்டாவதாக, வயலில் நீர் உறிஞ்சப்படுவதுபோல மின்னோட்டம் குமிழில் உறிஞ்சப்படுவதில்லை. குமிழுக்குள் 0.5 அம்பியர் நுழைந்தால் மறுபக்கத்தில் 0.5 அம்பியரே வெளியேறும். குமிழில் செலவாவது அந்த ஓட்டம் சுமந்து வந்த சக்தி மட்டுமே.

இம்மூன்று கணியங்களையும் ஒரே கோவையில் இணைத்தவர், ஜேர்மனியின் கொலோன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்த கேயோர்க் சைமன் ஓம். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் பரிசோதனையின் நடுவிலேயே தளர்ந்துவிடும் என்பதால், 1826 ஆம் ஆண்டளவில் அவர் வேறொரு வழியை நாடினார். பிசுமது என்னும் உலோகத் துண்டொன்றையும் செம்பையும் இணைத்து, அவை சேரும் ஓரிடத்தைக் கொதிநீரிலும் மற்றைய இடத்தை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிய, ஆனால் தளராத அழுத்த வேறுபாடு கிடைக்கும். அந்த மாறாத மூலத்துடன் வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை இணைத்து அளந்து, பெறுபேற்றை 1827 இல் நூலாக வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, கடத்தியொன்றின் ஊடான மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதசமமாகும் என்பதே இன்று நாம் ஓமின் விதி என்று படிப்பது. கணக்குக்கு வேண்டிய வடிவில் எழுதினால்:

அழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × தடை

12 வோல்ற்றுப் பற்றரியொன்றுடன் 24 ஓம் தடையியை இணைத்தால் 12 ஐ 24 ஆல் வகுக்க 0.5 அம்பியர் பாயும். தடையை அறிய வேண்டுமாயின் அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். இதில் மேலும் விளக்க எதுவுமில்லை.

வலுவுக்குச் சற்று நின்று நிதானிக்க வேண்டும். வலு என்பது ஒரு செக்கனில் மாற்றப்படும் சக்தி. அதன் அலகு வாற்று, அதாவது செக்கனுக்கு ஒரு யூல். ஓர் அம்பியர் என்றால் ஒவ்வொரு செக்கனும் ஒரு கூலோம் மின்னேற்றம் கடந்து செல்கிறது என்று பொருள். ஒரு வோல்ற்று என்றால் கடந்து செல்லும் ஒவ்வொரு கூலோமும் ஒரு யூல் சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று பொருள். ஆகவே இரண்டையும் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை யூல் என்பது தானாகவே கிடைத்துவிடுகிறது.

வலு = அழுத்த வேறுபாடு × மின்னோட்டம்

இனி உங்கள் வீட்டு மின்கேத்தலைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று இருக்கிறது என்று கொள்வோம். தடை எத்தனை ஓம் என்று எந்தக் கேத்தலிலும் எழுதியிருப்பதில்லை, எழுதவும் தேவையில்லை. 2000 ஐ 230 ஆல் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 அம்பியர். 230 ஐ அந்த 8.7 ஆல் வகுத்தால் தடை ஏறத்தாழ 26.4 ஓம். தகட்டிலுள்ள இரண்டு எண்களிலிருந்து மற்றைய இரண்டும் கிடைத்துவிட்டன. 13 அம்பியர் பிளக் இதற்குப் போதும் என்பதும் 5 அம்பியர் பிளக் போதாது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன.

அந்தத் தகட்டிலுள்ள 2000 வாற்று என்ற எண்ணைக் கேத்தலின் திணிவைப்போல, எங்கு கொண்டுபோனாலும் மாறாத ஓர் இயல்பாகப் பலர் எண்ணுகின்றனர். அது 230 வோல்ற்று கிடைத்தால் மட்டுமே பொருந்துகின்ற எண். கேத்தலுக்குள் உண்மையில் மாறாதிருப்பது வெப்பச் சுருளின் தடை. மின்மாற்றியிலிருந்து வெகுதூரத்தில், இணைப்பின் கடைக்கோடியிலுள்ள ஒரு வீட்டில், எல்லா வீடுகளிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் இரவு ஏழு மணிக்கு அழுத்தம் 180 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடை அதே 26.4 ஓம், மின்னோட்டம் 6.8 அம்பியர், வலு 180 × 6.8, ஏறத்தாழ 1225 வாற்று மட்டுமே. அழுத்தம் ஐந்திலொரு பங்கு குறைய, வலு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. 30 பாகையிலுள்ள ஒன்றரை லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, ஒரு லீற்றரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் என்ற கணக்கில், 1.5 × 4200 × 70, அதாவது 441,000 யூல் வேண்டும். 2000 வாற்றில் இதற்கு 3 நிமிடம் 40 செக்கன் செல்லும். 1225 வாற்றில் 6 நிமிடம் செல்லும். கேத்தலின் உடல் சூடாவதிலும் ஆவியிலும் போகும் இழப்பை இங்கு சேர்க்கவில்லை. இரவில் தேநீர் தாமதமாவதற்குக் கேத்தல் பழுதாகிவிட்டது என்று சொல்லி அதைத் திருத்தக் கொண்டுபோகுமுன் இக்கணக்கை ஒருமுறை செய்துபார்ப்பது நன்று.

ஓமின் விதியையும் வலுவின் கோவையையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரதியிட்டால் மேலும் இரண்டு கோவைகள் பிறக்கின்றன.

வலு = மின்னோட்டத்தின் வர்க்கம் × தடை

வலு = அழுத்த வேறுபாட்டின் வர்க்கம் ÷ தடை

முதலாவதில் தடை பெருக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒன்று தடை கூடினால் வலு கூடும் என்கிறது. மற்றையது தடை கூடினால் வலு குறையும் என்கிறது. இரண்டும் ஒரே கோவையின் இரு முகங்கள் என்றால் முரண்பாடு எங்கிருந்து வருகிறது? தடையை மாற்றும்போது வேறு எதை மாறாமல் பிடித்திருக்கிறோம் என்ற கேள்வியை விட்டுவிடுவதால் வருகிறது. மின்னோட்டம் மாறாதிருந்தால் முதற்கோவை வழிகாட்டும். அழுத்தம் மாறாதிருந்தால் இரண்டாவது வழிகாட்டும். வீட்டுச் சுவரிலுள்ள மின்வாய் அழுத்தத்தையே மாறாமல் வைத்திருக்க முயல்கிறது. ஆகையால் மேசையிலிருந்த குமிழ்களுக்கு இரண்டாவது கோவையே பொருந்தும். 230 இன் வர்க்கம் 52,900. அதை 60 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 882 ஓம். 100 ஆல் வகுத்தால் 529 ஓம். 60 வாற்றுக் குமிழின் தடையே கூடியது. 100 வாற்றுக் குமிழ் கூடிய ஒளியைத் தருவது, தடை குறைந்த அதன் இழையினூடாகக் கூடிய மின்னோட்டம் பாய்வதனால்.

குமிழ்களை இணைக்கும் முறையைப் பார்ப்பதற்கு, வன்னியில் நடுத்தர வயதைக் கடந்த எவருக்கும் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். 1990களில் மின்னிணைப்பும் இல்லாமல், பற்றரிகளும் கிடைக்காமல் இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி முடியும்வரை சுற்றுவதற்கு வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துக்கொள்வார்கள். சுற்றுகிறவர் களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைக்கும்.

சைக்கிள் தைனமோவின் பக்கத்தில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று பொறிக்கப்பட்டிருக்கும். 3 ஐ 6 ஆல் வகுத்தால் 0.5 அம்பியர், 6 ஐ 0.5 ஆல் வகுத்தால் 12 ஓம். இந்த 12 ஓம், முன் விளக்கும் பின் விளக்கும் சேர்ந்து தைனமோவுக்குத் தோற்றும் மொத்தத் தடை. முன் விளக்கு 6 வோல்ற்று, 2.4 வாற்று, அதனூடாக 0.4 அம்பியர் பாயும். அதன் தடை 15 ஓம். பின் விளக்கு 6 வோல்ற்று, 0.6 வாற்று, அதனூடாக 0.1 அம்பியர் பாயும். அதன் தடை 60 ஓம். இரண்டு விளக்குகளும் தைனமோவின் ஒரே முனையிலிருந்து தனித்தனி வயர்களால் பிரிந்து சென்று, சைக்கிளின் இரும்புச் சட்டத்தின் வழியே திரும்பி வருகின்றன. இத்தகைய இணைப்பே சமாந்தர இணைப்பு. இரண்டுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கிறது; மின்னோட்டம் மட்டும் 0.4 ஆகவும் 0.1 ஆகவும் பங்கிடப்படுகிறது.

15 ஐயும் 60 ஐயும் வைத்துக்கொண்டு 12 ஐ எப்படிப் பெறுவது? கூட்டினால் 75 வரும், அது பொருந்தாது. சமாந்தரமாக உள்ள இரண்டு தடைகளின் விளையுளை, அதாவது அவை சேர்ந்து தோற்றும் ஒரே தடையை, பெற அவற்றின் பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 15 × 60 = 900; அதை 75 ஆல் வகுத்தால் 12. தகட்டிலிருந்து பெற்ற விடையும் இதுவும் ஒன்றாகவே வருவதைக் கவனிக்கவும். விளையுள் 12 ஓம், இரண்டு விளக்குகளில் சிறிய தடையான 15 ஐவிடவும் சிறியது. வாய்க்காலுக்குப் பக்கத்தில் இன்னுமொரு வாய்க்காலை, அது எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும், வெட்டிவிட்டால் நீர் போகும் வழி அகலுமே தவிர ஒடுங்காது. பரீட்சையில் சமாந்தர விளையுளாகப் பெற்ற எண் இருக்கும் தடைகளுள் மிகச் சிறியதைவிடப் பெரிதாக வந்தால், மேற்கொண்டு எழுதாமல் அந்த வரியைத் திரும்பப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தைனமோவைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். முன் விளக்கின் இழை அறுந்துபோனால், அதைக் கவனியாமல் வேகமாக ஓடிச் செல்பவரின் பின் விளக்கும் சற்று நேரத்தில் எரிந்துபோய்விடும். வீட்டுக் கூரையிலுள்ள இரண்டு குமிழ்களுள் ஒன்று அறுந்தால் மற்றையதற்கு எதுவும் ஆவதில்லையே, இங்கு மட்டும் ஏன் இப்படி? சுவரிலுள்ள மின்வாயைப்போலத் தைனமோ அழுத்தத்தை மாறாமல் வைத்திருப்பதில்லை. ஓரளவு வேகத்துக்கு மேல் அது மாறாமல் வைத்திருக்க முயல்வது மின்னோட்டத்தை. இருக்கிற சுமை எதுவாயினும் ஏறத்தாழ 0.5 அம்பியரைத் தள்ளப் பார்க்கிறது. முன் விளக்கின் வழி அடைபட்டதும் அந்த ஓட்டம் 0.1 அம்பியருக்காகச் செய்யப்பட்ட சிறிய இழையின் வழியே போக முனைகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தால் தடையைப் பெருக்கும் முதற்கோவையே இங்கு ஆட்சி செய்கிறது. இந்த ஓர் உதாரணத்தை விளங்கிக்கொண்ட பிள்ளை இரண்டு கோவைகளையும் மனனம் செய்யத் தேவையில்லை.

வலு எங்கிருந்து வருகிறது என்பதையும் தைனமோவே கையில் காட்டித்தரும். தலைகீழாக நிற்கும் சைக்கிளின் மிதியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது விளக்கின் வயரைக் கழற்றிவிட்டால், சுற்றும் கை இலகுவாவதை உணரலாம். திரும்பப் பூட்டினால் கை கனக்கும். விளக்கில் ஒளியும் வெப்பமுமாக வெளிப்படும் ஒவ்வொரு யூலையும் அந்தக் கையே கொடுத்தாக வேண்டும்.

தொடரிணைப்பு இதைவிட எளியது. ஒன்றன்பின் ஒன்றாக, பிரிவு எதுவுமின்றி இணைத்தால் எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே மின்னோட்டம் பாயும். தடைகளை வெறுமனே கூட்டினால் போதும். மேசையிலுள்ள இரண்டு குமிழ்களையும் தொடராக இணைத்து 230 வோல்ற்றுக்குக் கொடுத்தால் மொத்தத் தடை 882 + 529 = 1411 ஓம்; மின்னோட்டம் 0.163 அம்பியர். அதன் வர்க்கத்தை ஒவ்வொரு தடையாலும் பெருக்க, 60 வாற்றுக் குமிழில் 23.4 வாற்றும் 100 வாற்றுக் குமிழில் 14.1 வாற்றும் செலவாகின்றன. தலையில் சிறிய எண்ணைக் கொண்ட குமிழ் பிரகாசமாக எரிய, பெரிய எண்ணைக் கொண்டது மங்கிச் சிவக்கும். நான் இதை ஒரு பலகையில் பொருத்தி, முனைகள் எல்லாவற்றையும் மூடிய பின்னரே பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். 230 வோல்ற்றில் வீட்டில் எவரும் தனியே செய்துபார்க்க வேண்டாம். கொட்டிலில் ஆளியைப் போட்டதும் ஏற்படும் அமைதி ஒவ்வோர் ஆண்டும் எனக்குப் பிடித்தமானது.

இக்கணக்கில் ஒரு நுணுக்கத்தை மறைத்துவிட்டேன். 60 வாற்றுக் குமிழைக் கழற்றி, நன்கு குளிர்ந்த பின் பல்மானியால் அளந்தால் 882 ஓம் காட்டாது. 60, 70 ஓம் அளவிலேயே காட்டும். பல்மானி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இழை தங்குதன் என்னும் உலோகத்தாலானது. இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாகி ஒளிரும்போது அதன் தடை குளிர்ந்த நிலையிலிருந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. 882 என்பது எரியும் குமிழின் தடை. ஓமின் விதியில் வெப்பநிலை மாறாதிருக்கும்போது என்ற தொடர் வெறும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. ஆளியைப் போடும் கணத்தில் குளிர்ந்த இழையினூடாகப் பன்மடங்கு மின்னோட்டம் பாய்வதால், பழைய குமிழ்கள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது அறுவதில்லை. போடும்போதே ஒரு மின்னலுடன் அறுகின்றன. கேத்தலின் சுருள் நைக்குரோம் போன்ற கலப்புலோகத்தாலானது. அதன் தடை வெப்பத்தால் மிகச் சிறிதளவே மாறும் என்பதால் கேத்தல் கணக்கில் இந்தச் சிக்கல் எழவில்லை.

கம்பிக்கும் தடை உண்டு. பாடசாலைக் கணக்குகளில் அதைப் புறக்கணிக்கலாம் என்று எழுதிவிடுவார்கள்; தோட்டக் கிணற்றுக்கு வயர் இழுப்பவர் புறக்கணிக்க முடியாது. வயரிங் வேலை செய்பவர்கள் வயரைக் கேட்டு வாங்கும் முறையே ஒரு கணக்கு. ஏழு பை பூச்சியம் அறுபத்தேழு என்று கடையில் கேட்பது, 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு செம்பு நூல்களாலான வயரை. ஒரு நூலின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.353 சதுர மில்லிமீற்றர், ஏழுக்கும் 2.47. இதையே 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்கிறோம். ஒன்று பை ஒன்று பதின்மூன்று என்பது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, அதன் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர், விளக்குகளுக்கு இழுப்பது. ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள செம்புக் கம்பியில் மீற்றருக்கு 0.0172 ஓம் தடை உண்டு. நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் எந்தச் செம்புக் கம்பியின் தடையும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து 100 மீற்றர் தூரத்தில் கிணறு இருக்கிறது. அங்கே ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி, ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். போகவும் வரவும் 200 மீற்றர் கம்பி என்பதைப் பலர் மறந்து பாதிக் கணக்கைச் செய்கின்றனர். விலை குறைவென்று ஒன்று பை ஒன்று பதின்மூன்றை இழுத்தால் கம்பியின் தடை 3.44 ஓம். அதில் இழக்கப்படும் அழுத்தம் 6 × 3.44, ஏறத்தாழ 20.6 வோல்ற்று. இழக்கப்படும் வலு 36 × 3.44, ஏறத்தாழ 124 வாற்று. தோட்டம் முழுவதும் நீளமாகப் படுத்திருக்கும் 100 வாற்றுக் குமிழொன்றைப் பகல் முழுதும் எரிப்பதில் செலவாவதைவிட இது கூடியது. ஏழு பை பூச்சியம் அறுபத்தேழை இழுத்தால் தடை 1.39 ஓம், இழப்பு 8.3 வோல்ற்று, 50 வாற்று. பம்பி புறப்படும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தை எடுக்க முயலும் என்பதால், மெல்லிய கம்பியில் அக்கணம் 100 வோல்ற்று அளவுக்கு விழுந்துவிடும். அழுத்தம் விழ மின்னோட்டமும் குறையும் ஆதலால் இது சற்று மிகைப்பட்ட கணக்குத்தான். ஆயினும் பம்பி உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இது போதும். மோட்டார் ஒரு வெறும் தடையி அன்று. எனவே 230 ஐ 6 ஆல் வகுத்து மோட்டாரின் தடையென்று எழுதக்கூடாது. கம்பியின் இழப்பைக் கணிக்க மட்டும் அதன் மின்னோட்டம் தெரிந்தாற் போதும்.

ஒரே மின்னோட்டமே வயரிலும் கேத்தலிலும் பாய்கிறது என்றால் கேத்தல் கொதிக்க வயர் ஏன் சும்மா இருக்கிறது என்று சென்ற ஆண்டு ஒரு பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. இரண்டும் தொடரில் இருக்கின்றன. ஆகவே வலு தடைக்கு ஏற்பப் பங்கிடப்படும். வீட்டுக்குள் போகவர 20 மீற்றர் நீளமான 2.5 சதுர மில்லிமீற்றர் வயரின் தடை 0.14 ஓம், 8.7 அம்பியரில் அது பெறுவது ஏறத்தாழ 10.5 வாற்று, அதுவும் 20 மீற்றருக்கும் பரவி. கேத்தலின் சுருள் பெறுவது 2000 வாற்று.

அதே சுற்றில் தடை தவறான இடத்தில் வந்து குந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக் குசினியிலேயே கண்டேன். பிளக்கின் உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. வயர் நுனி பித்தளையைத் தொட்டும் தொடாமலும் இருந்ததால் அந்த இடத்தில் அரை ஓம் அளவு தடை உருவாகியிருக்கலாம். 8.7 இன் வர்க்கத்தை அரையால் பெருக்கினால் ஏறத்தாழ 38 வாற்று. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் மின்கோல் ஒன்றின் வலு அதுவே. அந்தக் கோல் எங்கள் பிளக்கின் உள்ளே, நெருப்புக்குச்சித் தலையளவு இடத்தில் இருந்திருக்கிறது. கறுத்து உருகிய பிளாஸ்ரிக்கின் மணம் வந்த பிறகே கவனித்தேன். அப்போதும் கேத்தல் வழக்கம்போலக் கொதித்துக்கொண்டிருந்தது, 26.4 ஓமுடன் அரை ஓம் கூடியதால் மின்னோட்டம் ஏறத்தாழக் குறையவேயில்லை. பியூஸ் எனப்படும் உருகியும் அறவில்லை. உருகி கூடிய மின்னோட்டத்துக்கே அறும். இங்கு மின்னோட்டம் கூடவில்லை.

சோலர் பனலும் 12 வோல்ற்றுப் பற்றரியும் வைத்திருக்கும் வீடுகளில் கம்பியின் தடை இன்னும் கடுமையாகத் தாக்கும். 60 வாற்று விசிறியொன்று 230 வோல்ற்றில் 0.26 அம்பியரையே எடுக்கும்; 12 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும். 10 மீற்றர் தூரத்துக்கு விளக்கு வயரையே இழுத்தால் தடை 0.344 ஓம், முதலாவதில் இழப்பு ஒரு வோல்ற்றில் பத்திலொரு பங்குகூட இல்லை, இரண்டாவதில் 1.7 வோல்ற்று. பன்னிரண்டில் 1.7 போனால் விசிறி சோர்வதில் வியப்பில்லை. பற்றரியை விசிறிக்குக் கிட்ட வைப்பதே மலிவான பரிகாரம்.

மின்கட்டணப் பட்டியலிலுள்ள அலகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1000 வாற்று வலு ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழை இரவில் ஐந்து மணித்தியாலம் என 30 நாள் எரித்தால் 1.35 அலகு, 60 வாற்று இழைக் குமிழை அப்படி எரித்தால் 9 அலகு. முன்னர் கொதிக்கவைத்த ஒன்றரை லீற்றர் நீருக்கு 0.12 அலகு, அழுத்தம் குறைந்த வீட்டிலும் ஏறத்தாழ அதே 0.12 தான், ஏனெனில் வலு குறைந்த விகிதத்தில் நேரம் கூடியிருக்கிறது.

கையால் செய்துபார்க்க விரும்புவோருக்கு ஆபத்தில்லாத சுற்று ஒன்று. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற்றுப் பற்றரியில் ஒரு சிறிய வெள்ளை எல்.ஈ.டி.யை எரிக்க வேண்டும். எல்.ஈ.டி. ஓமின் விதிக்குக் கட்டுப்படாதது. அதன் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 3 வோல்ற்று நின்றுகொள்ளும், ஊடாக 20 மில்லி அம்பியர் போகலாம். மிஞ்சும் 9 வோல்ற்றைத் தொடரிலுள்ள ஒரு தடையி தாங்க வேண்டும். 9 ஐ 0.02 ஆல் வகுத்தால் 450 ஓம். கடையில் கிடைக்கும் கிட்டிய பெறுமானம் 470. தடையியில் செலவாகும் வலு 9 × 0.02 = 0.18 வாற்று, ஆகவே கால் வாற்றுத் தடையி போதும் என்று தோன்றும். ஆனால் என்ஜின் ஓடிப் பற்றரி ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் அழுத்தம் 14.4 வோல்ற்றுவரை உயரும். அப்போது தடையியில் 11.4 வோல்ற்று; மின்னோட்டம் 24 மில்லி அம்பியர்; வலு 0.28 வாற்று. கால் வாற்றைத் தாண்டிவிட்டது. அரை வாற்றுத் தடையியைக் கேட்டு வாங்குங்கள். பற்றரியுடன் இணைக்குமுன் பல்மானியில் 470 காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.